ஒப்பித்தால் சரி, இடையில் கேட்டால் திணறல்

மூன்றாம் வகுப்புப் படிக்கும் மகள் எட்டாம் வாய்ப்பாட்டை மூச்சுவிடாமல் ஒப்பிப்பாள். நடுவில் 8×7 எவ்வளவு என்றால் ஓரெட்டு எட்டிலிருந்து ஆரம்பிப்பாள். எழுத வைத்தோம், சுவரில் அட்டை ஒட்டினோம். கைபேசிச் செயலியில் கொடுத்திருந்த நான்கு விடைகளில் ஒன்றை ஊகித்து அமுக்கினாள், அவ்வளவுதான்.

அப்புறம்தான் ஒன்று கண்ணில் பட்டது. 3×8 கேட்டால் உடனே 24. 8×3 கேட்டால் விரல் மடக்குகிறாள்! இரண்டும் அவளுக்கு வேறு வேறு கணக்கு.

புளியங்கொட்டையைத் தட்டில் 3 வரிசை அடுக்கித் தட்டைத் திருப்பினேன். கொட்டைகள் நகர்ந்ததும் மறுபடி முதலிலிருந்து எண்ணினாள். கடைசியில் கைகொடுத்தது 30 குழி உள்ள முட்டை அட்டை. குழி நகராது. 6 குழியாக 5 வரிசை; கால் சுற்றுத் திருப்பினால் 5 குழியாக 6 வரிசை. இந்த முறை எண்ணவில்லை, "அதேதானே" என்றாள். பிறகு கட்டம் போட்ட நோட்டில் செவ்வகங்கள் வெட்டித் திருப்பிப் பார்த்தோம்.

பத்து வரைக்குமான 100 கணக்கில் 1, 2, 5, 10 எளிதாக வந்துவிடும். மீதியில் திருப்பிப் போட்டவற்றைக் கழித்தால் 21தான் தேறுகிறது. எல்லாரையும் படுத்தும் 7×8க்கு, ஏழு வரிசைத் தாளை ஐந்தாம் வரிசைக்குக் கீழே மடித்தோம்: 40, அதோடு 16. இப்போது 56 என்று சொல்கிறாள். 6×9 மட்டும் இன்னும் கொஞ்சம் இழுக்கிறது.