கீட்டோவில் எடை நின்றுவிட்டதா? எங்கே பார்ப்பது, எதை மாற்றுவது

மாவுச்சத்தை வெகுவாகக் குறைத்து, கொழுப்பை முக்கிய உணவாக்கும் கீட்டோ உணவுமுறையைத் தொடங்கிய முதல் இரண்டு வாரத்தில் பலருக்கு இரண்டு மூன்று கிலோ மளமளவென்று இறங்கும். அப்புறம் வேகம் குறையும். சில மாதம் போனதும் எடை மெஷின் ஒரே எண்ணைப் பிடித்துக்கொண்டு நகர மாட்டேன் என்னும். "எடை நின்னு போச்சு, என்ன செய்யறது?" என்று கேட்டால் கீட்டோ, அதே பாணியில் நம்மூரில் பரவிய பேலியோ வட்டாரங்களில் அடிக்கடி கிடைக்கும் பதில், "இன்னும் கொஞ்சம் கொழுப்பு சேர்த்துச் சாப்பிடுங்க" என்பது. பெரும்பாலானவர்களுக்கு அது தலைகீழான யோசனை என்பதுதான் என் கட்சி. காரணம் 4-ஆம் படியில் வருகிறது. அதற்கு முன்னால் பார்க்க வேண்டியவை சில உண்டு.

தொடங்கும் முன் ஒரு விஷயம். சர்க்கரை நோய்க்கு இன்சுலினோ கிளிமெபிரைடு போன்ற மாத்திரையோ எடுப்பவர்களுக்கு, மாவுச்சத்தைக் குறைத்தால் சர்க்கரை அபாயகரமாகத் தாழ்ந்துவிடலாம். டாபாகிளிஃப்ளோசின், எம்பாகிளிஃப்ளோசின் வகை மாத்திரை எடுப்பவர்களுக்குச் சிக்கல் வேறு: ரத்தச் சர்க்கரை அவ்வளவாக ஏறாமலே கீட்டோ அமிலம் ஆபத்தான அளவுக்குச் சேர வாய்ப்புண்டு. இவர்களும், டைப் 1 சர்க்கரை நோயாளிகளும், சிறுநீரகக் கோளாறு உள்ளவர்களும், கர்ப்பிணிகளும், தாய்ப்பால் கொடுப்பவர்களும் மருத்துவரைக் கேட்காமல் இதில் எதையும் செய்ய வேண்டாம்.

படி 1: நின்றது எடையா, கொழுப்பா என்று பாருங்கள்

நம் உடம்பு கல்லீரலிலும் தசையிலும் கிளைக்கோஜன் என்ற பெயரில் சுமார் 400 முதல் 500 கிராம் மாவுச்சத்தைச் சேமித்து வைக்கிறது. ஒவ்வொரு கிராமும் தன்னோடு ஏறக்குறைய 3 கிராம் தண்ணீரையும் பிடித்து வைக்கும். சோறு, இட்லியை நிறுத்தியதும் இந்தச் சேமிப்பு கரைகிறது, தண்ணீரும் போய்விடுகிறது. முதல் வார அதிசயத்தில் பெரும்பகுதி இதுதான். அதே கணக்கில், ஒரு கல்யாணப் பந்தியில் பாயசம் வரை சாப்பிட்டு வந்தால் மறுநாள் ஒன்றரை கிலோ கூடிக் காட்டும். ஓர் இரவில் அவ்வளவு கொழுப்பு சேரவே முடியாது.

மாதவிடாய்க்கு முந்தைய நாட்கள், மலச்சிக்கல், கருவாடு ஊறுகாய் என்று உப்பு கூடிய நாள், புதிதாக உடற்பயிற்சி தொடங்கித் தசை வலிக்கிற வாரம் என எல்லாமே மெஷின் எண்ணைத் தூக்கிக் காட்டும். உள்ளே கொழுப்பு குறைந்துகொண்டே இருக்கும், வெளியே தெரியாது.

அதனால் தினமும் காலையில், கழிவறை போய்வந்த பிறகு, வெறும் வயிற்றில், ஒரே மெஷினில் எடை பாருங்கள். மெஷின் கெட்டியான தரையில் இருக்கட்டும், பாய் மேலோ கார்ப்பெட் மேலோ வேண்டாம். ஏழு நாள் எண்களைக் கூட்டி ஏழால் வகுத்தால் வாரச் சராசரி. இந்த வாரச் சராசரியைப் போன வாரச் சராசரியோடு ஒப்பிடுங்கள், நேற்றோடு இன்றை ஒப்பிடாதீர்கள். கூடவே வாரம் ஒருமுறை தொப்புள் உயரத்தில் டேப் வைத்து இடுப்பு அளவையும் எழுதுங்கள்.

நான்கு வாரமாகச் சராசரியும் அசையவில்லை, இடுப்பும் குறையவில்லை என்றால்தான் அது தேக்கம். இடுப்பு குறைகிறது, எடை மட்டும் நிற்கிறது என்றால் எதையும் மாற்றாமல் அப்படியே தொடருங்கள். மேலே படிக்கவே தேவையில்லை.

படி 2: ஒரு வாரம் எழுதுங்கள்

சமையலறைக்கு ஒரு சின்ன டிஜிட்டல் தராசு வாங்கிக்கொள்ளுங்கள். ஏழு நாள், வாயில் போகும் எல்லாவற்றையும் நிறுத்து எழுதுங்கள். உணவை இப்போதைக்கு மாற்ற வேண்டாம். வழக்கமாகச் சாப்பிடுவதைத்தான் எழுத வேண்டும்.

நம் வீட்டுச் சமையலில் கணக்குக்கு அகப்படாதது எண்ணெய். தாளிப்பில் எவ்வளவு போனது, பொரியலில் எவ்வளவு என்று யாராலும் சொல்ல முடியாது. அதற்கு ஒரு வழி: திங்கட்கிழமை காலை எண்ணெய் பாட்டிலையும் நெய் டப்பாவையும் தராசில் வைத்து எடையைக் குறித்துவிடுங்கள். ஞாயிறு இரவு மறுபடி நிறுத்து, குறைந்த கிராமை வீட்டில் சாப்பிடுபவர்கள் எண்ணிக்கையால் வகுத்து, ஏழால் வகுங்கள். தோராயம்தான், ஆனாலும் கண்ணால் போடும் மதிப்பை விடப் பல மடங்கு மேல்.

படி 3: ஒளிந்திருக்கும் மாவுச்சத்தைத் தேடுங்கள்

கீட்டோவில் ஒரு நாளைய மாவுச்சத்து வழக்கமாக 20 முதல் 50 கிராமுக்குள். சோற்றை விட்டவர்கள் இந்த எல்லைக்குள் இருப்பதாகவே நினைத்துக்கொள்கிறார்கள். எழுதிய தாளைப் பார்த்தால்தான் கதை தெரியும்.

சர்க்கரை போடாத டீதானே என்று மூன்று வேளை குடிக்கிறோம். ஒவ்வொன்றிலும் 100 மில்லி பால் என்றால் பாலில் இயற்கையாக உள்ள சர்க்கரை மட்டுமே நாளுக்குச் சுமார் 15 கிராம். 100 கிராம் முந்திரியில் 30 கிராம் மாவுச்சத்து. பாதாமில் நார் போக ஏறக்குறைய 10 கிராம்தான். அதனால் "நட்ஸ்" என்று ஒரே பெயரில் எழுதாதீர்கள். வெங்காயத்தில் 100 கிராமுக்கு 9 கிராம் இருக்கிறது, ஒரு தொக்கில் எத்தனை வெங்காயம் வதங்குகிறது என்று பாருங்கள். ஹோட்டல் சில்லி சிக்கன் மேல் இருப்பது பெரும்பாலும் சோள மாவும் மைதாவும். சாம்பாரில் காயை மட்டும் அரித்து எடுத்தாலும் பருப்பு கூடவே வரும்.

இன்னொன்று, "சுகர் ஃப்ரீ" பிஸ்கட்டும் சாக்லேட்டும். பின்பக்கம் மால்டிடால் என்ற இனிப்பூட்டியின் பெயர் போட்டிருந்தால் அது ரத்தச் சர்க்கரையை ஓரளவு ஏற்றும். கருப்பட்டி, தேன், நாட்டுச் சர்க்கரை பற்றி விளக்கம் வேண்டாம். கீட்டோக் கணக்கில் எல்லாம் சர்க்கரைதான்.

படி 4: தட்டில் இருக்கும் கொழுப்பைக் குறையுங்கள்

முக்கியமான படி இதுதான்.

கீட்டோ உணவுமுறைக்கு அந்தப் பெயரை 1921-ல் வைத்தவர் அமெரிக்காவின் மேயோ கிளினிக் மருத்துவமனையில் இருந்த மருத்துவர் ரஸ்ஸல் வைல்டர். அவர் நோக்கம் எடைக் குறைப்பு அல்ல, வலிப்பு நோய். வலிப்பைக் கட்டுப்படுத்த கொழுப்பு எரியும்போது உருவாகும் கீட்டோன் ரத்தத்தில் உயர்ந்தே இருக்க வேண்டும், அதனால் அங்கே கொழுப்பே மருந்து. நமக்கு வேண்டியது வேறு: உடம்பில் ஏற்கெனவே இருக்கும் கொழுப்பு எரிய வேண்டும். தட்டிலிருந்து தேவையான அளவுக்கு வந்துகொண்டே இருந்தால், உடம்பு இடுப்பில் இருப்பதைத் தொட வேண்டிய அவசியம் என்ன?

"கீட்டோசிஸில் (ரத்தத்தில் கீட்டோன் உயர்ந்த நிலையில்) இருந்தால் கலோரி கணக்கு இல்லை" என்பதை நான் நம்பவில்லை. அமெரிக்கத் தேசிய சுகாதார நிறுவனத்தில் கெவின் ஹால் குழு 20 பேரை அங்கேயே தங்கவைத்து, இரண்டு வாரம் கீட்டோ, இரண்டு வாரம் கொழுப்பு குறைந்த உணவு என்று வேண்டிய மட்டும் சாப்பிடவிட்டு, 2021-ல் முடிவை வெளியிட்டது. கொழுப்பு குறைந்த உணவில் இருந்தபோது அவர்கள் நாளுக்குச் சுமார் 690 கலோரி குறைவாகவே சாப்பிட்டார்கள். கீட்டோ பலருக்குப் பசியை அடக்குகிறது, அதனால்தான் அது வேலை செய்கிறது; ஆனால் கணக்கை அழித்துவிடுவதில்லை.

கணக்கு எப்படி மாறுகிறது என்று பார்ப்போம். 38 வயது, 158 செ.மீ. உயரமுள்ள ஒரு பெண் 82 கிலோவிலிருந்து 70-க்கு வந்திருக்கிறார் என்று வையுங்கள். சும்மா படுத்திருந்தாலே உடம்பு செலவழிக்கும் கலோரிக்கு மிஃப்லின் சூத்திரம் என்று ஒன்று உண்டு: எடையை 10-ஆல் பெருக்கி, உயரத்தை 6.25-ஆல் பெருக்கிக் கூட்டி, வயதை 5-ஆல் பெருக்கிக் கழித்து, பெண் என்றால் 161 கழிக்க வேண்டும், ஆண் என்றால் 5 கூட்ட வேண்டும். இவருக்கு 82 கிலோவில் சுமார் 1456. 70 கிலோவில் 1336. லேசாக நடமாடும் வாழ்க்கைக்கு இதை 1.375-ஆல் பெருக்கினால் ஒரு நாள் செலவு ஏறக்குறைய 2000-லிருந்து 1840-க்கு வந்துவிட்டது. எடை குறையும்போது உடம்பு இதற்கும் கொஞ்சம் அதிகமாகவே சிக்கனம் பிடிக்கும். முதல் மாதம் எடையைக் குறைத்த அதே சாப்பாடு இப்போது எடையைக் காப்பாற்றும் சாப்பாடாக மாறியிருக்கும்.

ஒரு மேசைக்கரண்டி நெய்யோ எண்ணெயோ சுமார் 120 கலோரி. ஆகவே இரண்டு கரண்டியைக் குறைத்தாலே கணக்கு பழையபடி வந்துவிடும். எங்கே குறைப்பது? பட்டர் டீயிலிருந்து தொடங்குங்கள். பசியே இல்லாத நேரத்தில் பழக்கத்துக்காகக் குடிக்கும் வெண்ணெய் அது. அடுத்தது, நம்மூர் பேலியோக்காரர்களின் காலை உணவான நூறு பாதாம். ஒரு பாதாம் ஏறக்குறைய 7 கலோரி, நூறுக்கு 700. அதற்குப் பதில் ஒரு டீஸ்பூன் எண்ணெயில் மூன்று முட்டை ஆம்லெட்டும் 25 பாதாமும் எடுத்தால் கலோரி 450-க்குள் நிற்கும், புரதமோ ஏறக்குறைய அதே 25 கிராம். பாதாமை நெய்யில் வறுக்கும் பழக்கம் இருந்தால் வெறும் வாணலியில் வறுங்கள்.

தேங்காய்ப்பால், சீஸ், கிரீம் மூன்றையும் ஒரே நாளில் சேர்க்காதீர்கள். இவற்றை முற்றிலும் விடச் சொல்லவில்லை; கொழுப்பே இல்லாத கீட்டோவை யாராலும் ஒரு வாரத்துக்கு மேல் சாப்பிட முடியாது.

சிறுநீரில் நனைத்துப் பார்க்கும் கீட்டோன் பட்டையைப் பற்றியும் சொல்லிவிடுகிறேன். வெண்ணெய் அள்ளிச் சாப்பிட்டாலும் அதில் நிறம் ஏறும். பல மாதம் கீட்டோவில் இருந்தவர்களுக்கு நிறம் வெளுத்தும் போகும். கொழுப்பு கரைகிறதா என்பதற்கு அது அளவுகோலே இல்லை, அந்தக் காசுக்கு முட்டை வாங்கலாம்.

படி 5: புரதத்தில் கை வைக்காதீர்கள்

குறைக்க வேண்டியது கொழுப்பை மட்டும். சிறுநீரகம் நன்றாக இருப்பவர்கள், போய்ச் சேர விரும்பும் எடைக்கு, கிலோவுக்கு 1.2 முதல் 1.6 கிராம் புரதம் வைத்துக்கொள்ளலாம். 60 கிலோ இலக்கு என்றால் 72 முதல் 96 கிராம். ஒரு முட்டையில் 6 கிராம், சமைத்த கோழி நெஞ்சுக்கறி 100 கிராமில் சுமார் 30.

சைவர்களுக்கு இது உண்மையிலேயே கஷ்டம். 100 கிராம் பனீரில் 18 கிராம் புரதம் வந்தால் 20 கிராமுக்கு மேல் கொழுப்பும் கூடவே வந்துவிடுகிறது. பாதிப் பனீரைக் குறைத்து டோஃபுவோ, உலர்ந்த நிலையில் 30 கிராம் மீல்மேக்கரோ சேர்த்தால் சமாளிக்கலாம். 30 கிராம் மீல்மேக்கரில் 15 கிராம் புரதம், நார் போக மாவுச்சத்து 6 கிராம் அளவுதான்.

படி 6: நடை, தூக்கம், ஞாயிற்றுக்கிழமை

எடை குறைந்தவர்கள் தம்மை அறியாமலே குறைவாக அசைகிறார்கள். தினசரி நடையைப் பழைய அளவோடு ஒப்பிட்டுப் பார்த்து மீட்டெடுங்கள். வாரம் இரண்டு மூன்று நாள் தசைக்கு வேலை கொடுங்கள், வீட்டில் தோப்புக்கரணம் தண்டால் போதும். கையில் கட்டிய வாட்ச் "400 கலோரி எரித்தீர்கள்" என்று காட்டினால் அதற்கு ஈடாகச் சாப்பிட்டுவிடாதீர்கள். தூக்கம் குறைந்தால் பசி கூடும், அதற்கு மருந்து தூக்கம்தான்.

ஞாயிற்றுக்கிழமை "சீட் டே" என்று கட்டுப்பாட்டுக்கு விடுமுறை எடுப்பவர்கள் கவனிக்க வேண்டியது எளிய கூட்டல் கழித்தல். ஆறு நாள் தலா 300 கலோரி மிச்சம் பிடித்தால் 1800. மதியம் பிரியாணி, மாலை ஃபலூடா, இரவு பரோட்டா என்று போனால் அதில் பெரும்பகுதி ஒரே நாளில் திரும்பி வந்துவிடும். விரதமும் அப்படித்தான். இரவு ஏழு மணிக்கு முடித்து மறுநாள் பதினொன்றுக்குச் சாப்பிடுவது, மொத்த அளவு குறைந்தால்தான் பலன் தரும்.

படி 7: ஒவ்வொன்றாக மாற்றுங்கள்

மேலே சொன்னதை எல்லாம் ஒரே திங்கட்கிழமை தொடங்காதீர்கள். ஒரு மாற்றம், மூன்று வாரம், வாரச் சராசரி. அசைந்தால் அதைத் தொடருங்கள், இல்லாவிட்டால் அடுத்ததற்குப் போங்கள். என்னைக் கேட்டால் முதல் மாற்றம் பட்டர் டீயும் பாதாமும், இரண்டாவது பால்.

இவ்வளவுக்கும் அசையவில்லையா? உங்கள் உயரத்துக்கு இன்னும் குறைய வேண்டுமா என்று பாருங்கள். இந்தியர்களுக்கு பி.எம்.ஐ. (கிலோ எடையை, மீட்டரில் உள்ள உயரத்தால் இரண்டு முறை வகுத்து வரும் எண்) 23-க்குக் கீழே இருந்தால் சரியான எடை என்று கொள்கிறார்கள். 158 செ.மீ. உயரத்துக்கு அது 57 கிலோ. அதை நெருங்கிவிட்டால் எடை மெதுவாகத்தான் நகரும். இன்னும் தூரம் இருந்தால் மருத்துவரிடம் போய் டி.எஸ்.எச். பரிசோதனை செய்து தைராய்டைப் பாருங்கள். ஸ்டீராய்டு, இன்சுலின், வால்ப்ரோயேட் போன்ற மருந்துகள் எடையைக் கூட்டக்கூடியவை, ஆனால் நீங்களாக நிறுத்தக் கூடாது. அதே ரத்த மாதிரியில் கொலஸ்ட்ராலையும் பார்த்துவிடச் சொல்லுங்கள். கீட்டோவில் சிலருக்கு எல்.டி.எல். என்ற கெட்ட கொலஸ்ட்ரால் நன்றாகவே ஏறுகிறது. உங்களுக்கும் ஏறியிருந்தால், எடை நின்றதை விட அதுதான் முதலில் மருத்துவரிடம் பேச வேண்டிய விஷயம்.