விடுதியில் காய்ச்சல் வந்தால்: காரைக்குடிப் பக்கம் படிக்க வந்தவர்களுக்கு

உடம்பு முடியாமல் போவது பெரும்பாலும் ராத்திரியில்தான் தெரியவரும். மெடிக்கல் பூட்டியிருக்கும், மெஸ்ஸில் அடுப்பை அணைத்திருப்பார்கள். அதனால் வேண்டியதை எல்லாம் உடம்பு நன்றாக இருக்கும்போதே வாங்கி ஒரு டப்பாவில் போட்டு வையுங்கள்: டிஜிட்டல் தெர்மாமீட்டர், பாரசிட்டமால் 500 மில்லிகிராம் ஒரு அட்டை, ஓஆர்எஸ் பாக்கெட் நாலு, அளவு தெரிந்த ஒரு லிட்டர் பாட்டில், சூடு நிற்கிற ஃபிளாஸ்க், மெல்லிசு அவல் கால் கிலோ, உப்பு. தண்ணீர் காய வைக்க வாளியில் போடுகிற ஹீட்டர் கம்பி வேண்டாம். காய்ச்சல் மயக்கத்தில் சுவிட்சை அணைக்காமல் வாளியில் கை வைத்தால் ஷாக் அடிக்கும். வெந்நீரை மெஸ்ஸிலோ டீக்கடையிலோ ஃபிளாஸ்க்கில் பிடித்துக்கொள்ளலாம்.

உடம்பு சுடுகிறதா என்று கையை வைத்துப் பார்ப்பது போதாது. தெர்மாமீட்டரை நாக்குக்கு அடியில் ஓரமாக வைத்து, வாயை மூடி, பீப் சத்தம் வரும்வரை இருங்கள். டீயோ ஐஸ் தண்ணீரோ குடித்திருந்தால் கால் மணி நேரம் கழித்து வையுங்கள், இல்லையென்றால் தப்பாகக் காட்டும். 100.4 டிகிரி ஃபாரன்ஹீட்டும் அதற்கு மேலும் காய்ச்சல். முதலில் சுட்ட நாளை 'முதல் நாள்' என்று செல்போனில் எழுதுங்கள். டாக்டர் கேட்கிற முதல் கேள்வியே 'எத்தனை நாளா?' என்பதுதான். எந்த ரத்தப் பரிசோதனை எந்த நாளில் எடுக்க வேண்டும் என்பதும் அதை வைத்துத்தான். டெங்குவுக்கு என்எஸ்1 பரிசோதனை முதல் ஐந்து நாளுக்குள் பயன்படும், அதற்குப் பிறகு ஐஜிஎம் என்ற வேறு ரத்தப் பரிசோதனை பார்ப்பார்கள்.

நாளுக்கு நாலு தடவை இப்படி எழுதினால் போதும்: 'செவ்வாய் காலை 6.10, 101.4, மாத்திரை 1, கஞ்சி ஒரு டம்ளர், ஒண்ணுக்கு ஒரு தடவை.' கடைசியாக இருப்பதை வெட்கப்பட்டு விடாதீர்கள். உடம்பில் தண்ணீர் போதுமா என்று வீட்டிலேயே காட்டுகிற அளவுகோல் அதுதான். ஆறு மணி நேரமாகச் சிறுநீர் போகவில்லை என்றாலோ, போனது கடுங்காப்பி நிறத்தில் இருந்தாலோ அன்றைக்கே டாக்டரிடம் போக வேண்டும்.

மாத்திரை விஷயத்துக்கு வருவோம். பாரசிட்டமால் 500 என்றால் ஒன்று, ஆறு மணி நேர இடைவெளி. டோலோ 650 ஆனாலும் அப்படியே, ஒரு நாளைக்கு நாலுக்கு மேல் வேண்டாம். சளிக்கென்று விற்கிற பல மாத்திரைகளுக்குள்ளும் பாரசிட்டமால் இருக்கிறது. இரண்டையும் சேர்த்துப் போட்டால் அளவு தெரியாமல் கூடி ஈரலைக் கெடுக்கும். அட்டையின் பின்பக்கத்தைப் படித்துவிட்டுப் போடுங்கள். உடம்பு வலிக்கிறது என்று டைக்ளோபெனாக், ஐபுபுரொபேன், ஆஸ்பிரின் எதையும் தொடாதீர்கள். வந்திருப்பது டெங்குவாக இருந்தால் இவை ரத்தக் கசிவைக் கூட்டிவிடும்.

மெடிக்கலில் 'அண்ணே, காய்ச்சலுக்கு ரெண்டு வேளைக்குக் குடுங்க' என்று கேட்டால், கத்தரித்த மாத்திரைகளைச் சின்னக் காகித உறையில் போட்டுத் தருகிற வழக்கம் இன்னும் இருக்கிறது. அதை வாங்கவே கூடாது என்பது எங்கள் உறுதியான எண்ணம். உள்ளே என்ன இருக்கிறது என்று உங்களுக்கும் தெரியாது, நாளைக்குப் பார்க்கப்போகிற டாக்டருக்கும் தெரியாது. அதில் ஆன்டிபயாடிக் ஒரு நாளுக்கு மட்டும் இருந்தால் வைரஸ் காய்ச்சலுக்கு அது பிரயோஜனமே இல்லை. டைபாய்டாக இருந்தாலோ கிருமி அரைகுறையாக அடங்கி, ரத்தத்தில் கிருமியை வளர்த்துப் பார்க்கிற கல்ச்சர் பரிசோதனையில் சிக்காமல் போகலாம்.

வயிற்றுப்போக்கு வந்தால் ஓஆர்எஸ். இங்கேதான் நிறையப் பேர் தவறுகிறார்கள். பெரிய பாக்கெட் ஏறக்குறைய 21 கிராம், அது முழு ஒரு லிட்டருக்கு. அதை ஒரு டம்ளரில் கொட்டிக் குடித்தால் உப்பும் சர்க்கரையும் அளவுக்கு மீறி, குடல் உடம்பிலிருந்து தண்ணீரை இழுத்து வெளியே தள்ளும், போக்கு கூடும். 200 மில்லிக்கான சின்னப் பாக்கெட்டும் கிடைக்கிறது, உறையில் அளவு அச்சிட்டிருப்பார்கள். கலக்கியது 24 மணி நேரத்துக்கு மேல் இருந்தால் கொட்டிவிடுங்கள். பாக்கெட் இல்லையா? ஒரு லிட்டர் நல்ல தண்ணீருக்குத் தலை தட்டி ஆறு தேக்கரண்டி சர்க்கரை, அரைத் தேக்கரண்டி உப்பு. கண்ணீரை விட உப்புக் கரித்தால் அளவு தப்பிவிட்டது என்று அர்த்தம். ஒவ்வொரு தடவை போய் வந்ததும் ஒரு டம்ளர். வாந்தி இருந்தால் பத்து நிமிடம் பொறுத்து, ஒரு வாய் ஒரு வாயாக. மலத்தில் ரத்தம், கூடவே காய்ச்சல், குடித்த தண்ணீர் தங்காத வாந்தி, இதில் ஏதாவது இருந்தால் போக்கை நிறுத்துகிற மாத்திரை போடாமல் நேரே ஆஸ்பத்திரி.

சாப்பாடு. மிளகும் சோம்பும் வரமிளகாயும் அரைத்த குழம்பு நாலைந்து நாள் ஒதுங்கியிருக்கட்டும். மெஸ்ஸில் 'ஆச்சி, குழம்பு வேணாம், ரசம் மட்டும் ஊத்துங்க' என்று சொன்னால் தருவார்கள். குழைந்த சாதம், இட்லி, மோர் போதும். மெஸ் வரைக்கும் நடக்க முடியாதபோது ஃபிளாஸ்க் கஞ்சி: கால் டம்ளர் அவலைக் களைந்து, வெந்நீர் ஊற்றி அலம்பிய ஃபிளாஸ்க்கில் போடுங்கள். கொதிக்கிற தண்ணீர் ஒன்றேகால் டம்ளர், உப்பு ஒரு சிட்டிகை. மூடி கால் மணி நேரம். கரண்டிக் காம்பால் மசித்து டம்ளரில் ஊற்றி, கை பொறுக்கிற சூட்டுக்கு வந்தபின் மோர் சேருங்கள். சூட்டோடு சேர்த்தால் திரிந்துவிடும். ஃபிளாஸ்க்கை முதலில் வெந்நீரில் அலம்பாவிட்டால் சூடு இறங்கி அவல் நொறுநொறுவென்று நிற்கும்.

ஐப்பசி, கார்த்திகை மழையில் வருகிற காய்ச்சலை டெங்குவாக இருக்கலாம் என்று எண்ணியே கவனிக்க வேண்டும். நடுவில் முற்றம் வைத்த பழைய வளவு வீடுகளில் அறை எடுத்துத் தங்குகிறவர்கள் முற்றத்தைப் பாருங்கள். கூரைத் தண்ணீர் பிடிக்க வைத்த அண்டாவும் கிடாரமும் ஒரு வாரம் மூடாமல் நின்றால் டெங்குவைப் பரப்புகிற ஏடிஸ் கொசு அதிலேயே முட்டையிட்டு, புதுக் கொசு வளர்ந்து பறந்துவிடும். அது பகலில் கடிக்கிற கொசு. வாரம் ஒரு முறை தண்ணீரைக் கொட்டி உள்பக்கத்தைத் தேய்த்துக் கழுவுங்கள். முட்டை ஓரத்தில் ஒட்டிக்கொண்டிருக்கும், கொட்டினால் மட்டும் போகாது.

டெங்குவில் ஏமாற்றுகிற நாள் ஒன்று உண்டு. மூன்றாம் நாளிலிருந்து ஏழாம் நாளுக்குள் காய்ச்சல் இறங்கும். 'விட்டிருச்சு' என்று குளித்துவிட்டு வகுப்புக்குக் கிளம்பத் தோன்றும். ரத்தக்குழாயிலிருந்து நீர் கசிந்து உடம்பு தளர்வது அந்த ஒன்றிரண்டு நாளில்தான். விடாத வயிற்று வலி, ஓயாத வாந்தி, பல் ஈறில் ரத்தம், கை கால் சில்லிட்டுப் போவது, எழுந்தால் தலை சுற்றுவது, இவற்றில் ஒன்று தெரிந்தாலும் 108. நிலவேம்புக் கஷாயம் குடிக்கிறவர்கள் குடியுங்கள். ரத்தப் பரிசோதனைக்கு அது ஈடாகாது.

இந்த நேரத்தில் ஊருக்குப் போகலாமா? விடியற்காலைப் பல்லவன் ரயிலைப் பிடித்தால் சென்னைக்கு ஏறக்குறைய ஏழு மணி நேரம். மதுரையோ திருச்சியோ என்றாலும் பஸ்ஸில் இரண்டு மணி நேரத்துக்குக் குறையாது. காய்ச்சல் முதல் நாளில், துணையோடு, தண்ணீர் குடித்துக்கொண்டு போகலாம். மூன்றாம் நாளுக்குப் பிறகோ வாந்தியோடோ கிளம்பாதீர்கள். வீட்டிலிருந்து ஒருவர் வரட்டும். பள்ளத்தூர், மேலைச்சிவபுரி போன்ற ஊர்களில் படிப்பவர்கள் பொழுது சாய்வதற்குள் முடிவெடுங்கள், ராத்திரியில் வண்டி கிடைப்பது சிரமம். காரைக்குடி அரசு மருத்துவமனையில் காலையில் ஓபி சீட்டு போட்டுப் பார்க்கலாம், கட்டணம் இல்லை. பெரிய சிகிச்சை வேண்டுமென்றால் சிவகங்கையிலும் புதுக்கோட்டையிலும் அரசு மருத்துவக் கல்லூரி மருத்துவமனைகள் இருக்கின்றன.

அம்மை போட்டால் கதை வேறு. வேப்பிலை வைப்பதும் நீர்மோர் குடிப்பதும் இருக்கட்டும், ஆனால் கொப்புளம் தெரிந்த 24 மணி நேரத்துக்குள் டாக்டரைப் பாருங்கள். வைரஸ் மருந்து அப்போதுதான் நன்றாகக் கேட்கும், பெரியவர்களுக்கு அம்மை சின்னப் பிள்ளைகளை விடக் கடுமையாக வரும். எல்லாக் கொப்புளமும் காய்ந்து பொருக்கு தட்டும்வரை பஸ்ஸும் வேண்டாம், மெஸ்ஸும் வேண்டாம்.

அறைத் தோழரிடம் இரண்டே வேலை சொல்லி வையுங்கள்: காலையும் இரவும் எழுப்பி, பேச்சு தெளிவாக இருக்கிறதா என்று பார்ப்பது. குழறினால் வார்டனைக் கூப்பிடுவது. தனி அறை என்றால் கதவில் உள் தாழ் போடாதீர்கள். வீட்டுக்குப் போன் செய்யும்போது 'ஒண்ணுமில்லம்மா' என்று மறைக்க வேண்டாம். 'இன்னைக்கு ரெண்டாம் நாள், 101, மூணு டம்ளர் கஞ்சி குடிச்சேன், சாயந்தரம் டாக்டர்ட்ட போறேன்' என்று எண்ணைச் சொன்னால் அவர்களும் நிம்மதியாகக் கேட்பார்கள். படுத்தே கிடந்து மனசு மிகவும் கனத்துப்போனால் 14416 என்ற டெலி மானஸ் (அரசு மனநல உதவி) எண்ணில் எந்த நேரமும் தமிழில் பேசலாம்.

வருகைப் பதிவை மறந்துவிடாதீர்கள். அண்ணா பல்கலைக்கழக விதிகளில் 75 சதவீதம் வேண்டும். 65க்குக் குறையாமல் இருந்தால் மருத்துவச் சான்றிதழ் காட்டி விலக்குக் கேட்கலாம். மற்ற கல்லூரிகளில் அலுவலகத்தில் கேட்டுக்கொள்ளுங்கள். பார்த்த அன்றைக்கே ஓபி சீட்டு, மருந்துச் சீட்டு, ரத்தப் பரிசோதனைத் தாள் எல்லாவற்றையும் போட்டோ எடுத்து வையுங்கள். பத்து நாள் கழித்துப் பின்தேதியிட்டுக் கேட்டால் நேர்மையான டாக்டர் யாரும் தர மாட்டார். வகுப்புக்குத் திரும்பும் நாளில் உடல் தகுதிச் சான்று ஒன்றையும் சேர்த்து வாங்கி, இரண்டு நகல் எடுத்து ஒன்றைத் துறை அலுவலகத்திலும் மற்றதை விடுதி அலுவலகத்திலும் கொடுங்கள்.