பழைய ராணுவ நீதிமன்ற ஆவணத்தை வாங்குமுன்

பாளையங்கோட்டை கும்பினிப் (கிழக்கிந்தியக் கம்பெனி) படை தங்கியிருந்த ஊர் என்பதால், திருநெல்வேலிப் பக்கம் ராணுவ நீதிமன்ற மூல ஆவணம் என்று எவரேனும் ஒரு தாளை நீட்டினால், முதலில் அதை வெளிச்சத்துக்கு எதிரே பிடித்து, தாளுக்குள் தெரியும் நீர்க்குறியை (வாட்டர்மார்க்) பாருங்கள். அதிலுள்ள ஆண்டு விசாரணைத் தேதிக்குப் பிந்தியது என்றால் அது மூலம் அன்று. மாசிக்காயும் அன்னபேதியும் சேர்த்த அக்கால மை பெரும்பாலும் பழுப்பேறியிருக்கும், சில இடங்களில் தாளையே அரித்திருக்கும். குற்றச்சாட்டு, சாட்சியம், தீர்ப்பு, தண்டனை, அதை உறுதிசெய்த மேலதிகாரியின் ஒப்பம் ஆகியவற்றைத் தேடுங்கள். ஒப்பங்கள் அனைத்தும் ஒரே கையெழுத்தில் இருந்தால் அது எழுத்தர் எடுத்த நகல் (படிக்கச் சுவையானதுதான், விலைதான் குறைவு). கட்டபொம்மன் மீதான 1799-ஆம் ஆண்டுக் கயத்தாறு விசாரணைத் தாள் என்று சொல்லி விற்பவரிடம் இரட்டிப்பு எச்சரிக்கை தேவை. லேமினேஷன் வேண்டாம், அமிலமற்ற உறை போதும். வரலாற்று மதிப்புடைய, 75 ஆண்டு கடந்த கையெழுத்து ஆவணம் 1972-ஆம் ஆண்டின் தொல்பொருள் சட்டத்துக்கு உட்பட்டது என்பதால், அதை வெளிநாட்டுக்கு விற்க இயலாது.