தினசரிக் கூட்டம் பெரட்டு ஆகிவிடாமல் நடத்துவது எப்படி?

என் பாட்டி ரப்பர் தோட்டத்தில் பால்மரம் வெட்டியவர். விடியும் முன்பே பெரட்டுக்கு, அதாவது தோட்டத்தில் ஆள் கணக்கெடுக்கும் கூட்டத்துக்கு, போய் நிற்க வேண்டும். பெயர் கூப்பிட்டு, ஆளுக்கு மர நிரை பிரித்துக் கொடுத்த பிறகுதான் வேலைக்காட்டுக்குள் இறங்குவார்கள். மலேசியாவின் சுங்கை சிப்புட்டில் ஒரு கடைவீட்டு மாடியில் மென்பொருள் எழுதும் எங்கள் ஐவர் குழு தினசரிக் கூட்டத்தைத் தொடங்கியபோது, எங்களையும் அறியாமல் அதே பெரட்டைத்தான் நடத்தினோம். ஒவ்வொருவரும் குழுத் தலைவரான என் முகத்தைப் பார்த்து நேற்றைய கணக்கை ஒப்புவித்தார்கள். பக்கத்தில் நிற்பவர் சொன்னது யார் காதிலும் ஏறவில்லை.

பெரட்டில் வேலையைப் பிரிப்பவர் ஒருவர், வாங்கிக்கொள்பவர்கள் மற்றவர்கள். இந்தக் கூட்டத்திலோ பிரிப்பதும் எடுப்பதும் குழுவே. இதை மனத்தில் வைத்துக்கொண்டு தொடங்குங்கள்.

படி 1: இலக்கை எழுதி ஒட்டுங்கள்

கென் ஷ்வேபரும் ஜெஃப் சதர்லண்டும் 1995இல் முன்வைத்த ஸ்க்ரம் என்ற குழுவேலை முறையில் இந்தத் தினசரிக் கூட்டத்துக்கு டெய்லி ஸ்க்ரம் என்று பெயர். வேலையை ஒரு மாதத்துக்கு மேற்படாத சிறு காலக்கட்டங்களாகப் பிரிப்பார்கள்; அவற்றுக்கு ஸ்பிரிண்ட் என்று பெயர். எங்களுக்கு இரண்டு வாரம். ஒவ்வொரு ஸ்பிரிண்டுக்கும் ஓர் இலக்கு உண்டு. "இணையத் தொடர்பு இல்லாத இடத்திலும் செம்பனைக் குலையின் எடைச் சீட்டைப் பதிவு செய்ய முடிய வேண்டும்" என்பது எங்கள் இலக்குகளில் ஒன்று. அந்த இலக்கை நெருங்குகிறோமா, இன்றைய திட்டத்தை மாற்ற வேண்டுமா என்று பார்ப்பதற்கே இந்தப் பதினைந்து நிமிடக் கூட்டம். இலக்கு கண்ணெதிரே இல்லாவிட்டால் பேச்சு எங்கெங்கோ போகும்.

படி 2: நேரமும் இடமும்

தினமும் ஒரே நேரம், ஒரே இடம். எங்களில் ஒருவர் சென்னையில் இருக்கிறார். மலேசிய நேரம் இரண்டரை மணி முந்தியது என்பதால் நமக்கு 9.30 என்றால் அவருக்குக் காலை 7. அதனால் 11.30க்கு வைத்தோம், அவருக்கு 9 மணி. வேலையைச் செய்பவர்கள் அனைவரும் வர வேண்டும். மேலாளர் வந்தால் கேட்டுக்கொண்டிருக்கலாம். நின்றுகொண்டுதான் பேச வேண்டும் என்று எந்த விதியும் இல்லை. முழங்கால் வலி உள்ள அக்கா தாராளமாக உட்காரட்டும்.

படி 3: பலகையை வலப்பக்கத்திலிருந்து படியுங்கள்

சுவரில் ஒரு பலகை, அதில் மூன்று பத்திகள்: செய்ய வேண்டியவை, நடப்பவை, முடிந்தவை. ஒவ்வொரு வேலைக்கும் ஓர் அட்டை; வேலை நகர நகர அட்டையும் வலப்பக்கம் நகரும். சென்னை நண்பருக்காக மடிக்கணினியின் கேமராவைப் பலகைப் பக்கம் திருப்பி வைப்போம்.

நேற்று என்ன செய்தேன், இன்று என்ன செய்யப்போகிறேன், தடை என்ன என்ற மூன்று கேள்விகளைப் பலர் கேள்விப்பட்டிருப்பீர்கள். 2020இல் திருத்தப்பட்ட ஸ்க்ரம் வழிகாட்டியில் அவை இல்லை; எப்படிப் பேசுவது என்பதைக் குழுவே முடிவு செய்யலாம். புதியவர்கள் ஓரிரு வாரம் அவற்றைப் பிடித்துக்கொண்டு நடை பழகலாம், தவறில்லை. அதன்பின் ஆள் ஆளாகக் கேட்பதை விட்டுவிட்டு, அட்டை அட்டையாகப் பேசுங்கள். முடியும் தறுவாயில் இருக்கும் அட்டையை முதலில் எடுங்கள். 'இதை இன்றே முடிக்க யார் கை கொடுப்பது?' என்ற கேள்வி அப்போதுதான் பிறக்கும்.

படி 4: நின்றுபோன அட்டையைக் கேளுங்கள்

நான் மிக முக்கியமாகக் கருதுவது இந்தப் படியைத்தான். எங்கள் தம்பி ஒருவர் மூன்று நாளாக "எடைச் சீட்டு வேலை போய்க்கொண்டிருக்கிறது" என்றே சொன்னார். நாங்களும் தலையாட்டினோம். நான்காம் நாள், புதிதாகச் சேர்ந்த தங்கை கேட்டார்:

"அண்ணா, இந்த அட்டை திங்கட்கிழமையிலிருந்து இதே இடத்தில் இருக்கிறதே, எங்கே சிக்கியிருக்கிறது?"

"இணையம் திரும்பி வந்ததும் ஒரே சீட்டு இரண்டு முறை பதிவாகிறது, தங்கச்சி. காரணம் பிடிபடவில்லை."

"சீட்டு எழுதும்போதே கைப்பேசியில் அதற்கு ஒரு தனி எண் கொடுத்துவிட்டால், அதே எண் மறுபடி வரும்போது சர்வர் ஒதுக்கிவிடுமே?"

அதற்குமேல் கூட்டத்தில் பேசவில்லை. கூட்டம் முடிந்ததும் இருவரும் உட்கார்ந்தார்கள். மாலைக்குள் வேலை முடிந்தது. அன்றிலிருந்து, நகராத அட்டையில் நாளுக்கு ஒரு சிவப்புப் புள்ளி வைக்கிறோம். இரண்டு புள்ளி விழுந்தால் யாராவது கேட்டாக வேண்டும். கேட்பவர் குற்றம் சாட்டும் தொனியில் கேட்கக் கூடாது. தடையைச் சொன்னால் திட்டு விழும் என்று ஒருமுறை பயந்துவிட்டால், அப்புறம் எல்லா வேலையும் "போய்க்கொண்டுதான்" இருக்கும்.

படி 5: நீளும் பேச்சை ஓரம் கட்டுங்கள்

இரண்டு பேர் மட்டும் விவாதிக்க வேண்டிய விஷயத்தைப் பலகையின் ஓரத்தில் 'பிறகு' என்று குறித்துவிட்டு நகருங்கள். தாமதமாக வருபவருக்கு அபராதம் போடுவது எனக்குப் பிடிக்காது. சரியான நேரத்தில் தொடங்கிவிட்டாலே போதும். மழையில் இணையம் அறுந்தால், வாட்ஸ்அப் குழுவில் ஆளுக்கு மூன்று வரி.

படி 6: தலைவர் ஒரு நாள் விலகி நில்லுங்கள்

கூட்டத்தை நடத்தும் பொறுப்பு நாளுக்கு ஒருவரிடம் போகட்டும். பிறகு ஒரு நாள் நீங்கள் வராமல் இருந்து பாருங்கள். நான் ஒருமுறை ஈப்போவுக்குப் போய்விட்டு மதியத்துக்குப் பிறகு திரும்பினேன். பலகையில் இரண்டு அட்டைகள் இடம் மாறியிருந்தன. மூன்றாவது அட்டையில் என் பெயரை எழுதி வைத்திருந்தார்கள்.