பிரெஞ்சு ‘பாஸே ஸேம்ப்ல்’ பிடிபட்டது இப்படித்தான் – என் அனுபவம்

பாஸே ஸேம்ப்ல் என்பது பிரெஞ்சில் ஓர் இறந்தகால வடிவம். பேச்சில் இது வராது. நாவலிலும் வரலாற்று நூலிலும் பக்கத்துக்குப் பக்கம் வரும். பழைய சிறுகதை ஒன்றை எடுத்தால் ‘இல் ஃபினி’ என்ற இடத்திலேயே நின்றுவிடுவேன்: முடிக்கிறானா, முடித்தானா?

ஆறு இடங்களுக்கும் (நான், நீ, அவன், நாம், நீங்கள், அவர்கள்) மூன்று வினை வகைகளுக்கும் அட்டவணை எழுதி உருப்போட்டேன், மறுநாளே குழம்பியது. கைபேசிச் செயலியில் இந்தக் காலமே இல்லை.

கதை பெரும்பாலும் படர்க்கையில்தான் நடக்கிறது என்பதைக் கவனித்ததும் வழி கிடைத்தது. மற்ற வரிகளை மறைத்துவிட்டு அவன், அவர்கள் இரண்டை மட்டும் படித்தேன். மூலவடிவம் ஈ-ஆர் என்ற எழுத்துகளில் முடியும் வினைக்கு விகுதி ஆ, ஏர்: பார்லா (பேசினான்), பார்லேர் (பேசினார்கள்). ஐ-ஆர் வினையும் ஆர்-ஈ வினையும் ஒரே விகுதிதான்: ஃபினி, ஃபினிர் (முடித்தான், முடித்தார்கள்), வாந்தி, வாந்திர் (விற்றான், விற்றார்கள்). அப்பாடா என்றிருந்தது.

‘ஃபினி’ மட்டும் நிகழ்காலத்திலும் இதிலும் எழுத்து மாறாமல் ஒன்றேதான். பக்கத்து வினையைப் பார்க்க வேண்டும். அது ‘பார்லா’ என்றால் இதுவும் முடிந்த செயல். பன்மையில் சந்தேகமே இல்லை: நிகழ்காலம் ஃபினிஸ், இது ஃபினிர். காதுக்கு இது ‘ஃபினிர்’ (முடிக்க) என்ற மூலவடிவம் போலவே ஒலிக்கும்; எழுத்தில் அதன் பின்னால் ஈ-என்-டி ஒட்டியிருக்கும்.

தன்மை ஒருமையில் ‘பார்லே’ கடைசியில் எஸ் இருந்தால் அது இம்பர்ஃபே (தொடர்ந்து நடந்ததைச் சொல்லும் இன்னோர் இறந்தகாலம்), இல்லையென்றால் பாஸே ஸேம்ப்ல். அந்த ஓர் எழுத்தை அவசரத்தில் தாண்டிவிடாதீர்கள். ‘நாம்’, ‘நீங்கள்’ வடிவங்களில் உயிரெழுத்தின் தலையில் தொப்பிக் குறி இருக்கும். கண்டால் அடையாளம் தெரிந்தால் போதும்.