நம் ஊருக்காக நாடாளுமன்றத்தில் என்ன கேட்டார்கள்? பதிலைத் தேடி எடுக்கும் முறை

திருநெல்வேலி மாவட்டம் வள்ளியூரில் இன்னொரு ரயில் நிற்க வேண்டும் என்று 'எம்பி வலியுறுத்தினார்' எனச் செய்தித்தாளில் ஒரு வரி வரும். அதற்கு அமைச்சர் என்ன சொன்னார் என்பது பெரும்பாலும் வராது. அந்தப் பதில் நாடாளுமன்றத்தின் 'சன்சத்' இணையதளத்தில் யார் வேண்டுமானாலும் படிக்கும்படி இருக்கிறது. எடுக்கும் வழியைச் சொல்கிறேன்.

முதலில், எம்பி எந்த நேரத்தில் பேசினார் என்று பாருங்கள். மக்களவையில் காலை 11 முதல் 12 வரை கேள்வி நேரம். நட்சத்திரக் குறியிட்ட கேள்விகள் ஒரு நாளைக்கு 20. அமைச்சர் வாய்மொழியாகப் பதில் சொல்வார், துணைக் கேள்வியும் கேட்கலாம். குறியில்லாத கேள்விகள் 230 வரை, அவற்றுக்கு எழுத்தில் மட்டுமே பதில். 12 மணிக்கு மேல் அவசரப் பிரச்சினைகளை எழுப்பும் பூஜ்ய நேரத்தில் பேசினாலோ, பொதுப் பிரச்சினைகளை அவையின் கவனத்துக்குக் கொண்டுவரும் விதி 377-ன் கீழ் கோரிக்கை வைத்தாலோ, கேள்விகள் பக்கத்தில் எதுவும் கிடைக்காது. அன்றைய அவை விவாதப் பதிவைத்தான் திறக்க வேண்டும்.

இனி தேடல். கணினியில் செய்யுங்கள், மொபைல் வேண்டாம். மக்களவை, கேள்விகள் என்று போய் எத்தனையாவது மக்களவை (2024-ல் அமைந்தது 18), எந்தக் கூட்டத்தொடர் என்று தேர்ந்தெடுங்கள். உறுப்பினர் பெயரை வைத்துத் தேடுவதைவிட அமைச்சகத்தை வைத்துத் தேடுவதே நல்லது என்பேன். நம் ஊர் விஷயத்தை வேறு தொகுதி எம்பியும் கேட்டிருக்கலாம். மாநிலங்களவையில் கேட்டிருந்தால் அதைத் தனியாகத் தேட வேண்டும். கூடங்குளம் அணுமின் நிலையம் பற்றி வேண்டுமென்றால் மின்துறையில் தேடாதீர்கள், அணுசக்தித் துறையில் தேடுங்கள். ரயில் என்றால் அந்த நிலையம் எந்த ரயில்வே கோட்டத்தின் (நிர்வாகப் பிரிவின்) கீழ் வருகிறது என்பதையும் கவனியுங்கள்: திருநெல்வேலி சந்திப்பு மதுரைக் கோட்டம், நாங்குநேரியும் வள்ளியூரும் திருவனந்தபுரம் கோட்டம். கேள்வி எண் ஒவ்வொரு கூட்டத்தொடரிலும் ஒன்றிலிருந்து தொடங்கும், அதனால் எண்ணோடு தேதியையும் குறித்துக்கொள்ளுங்கள்.

பதில் கோப்பைத் திறந்த பிறகுதான் பலர் தடுமாறுகிறார்கள். நட்சத்திரக் கேள்வியின் முதல் பக்கத்தில் பெரும்பாலும் 'அறிக்கை அவையில் வைக்கப்படுகிறது' என்று ஒரே வரிதான் இருக்கும். இவ்வளவுதான் போல என்று மூடிவிடாதீர்கள். அடுத்த பக்கத்தில் இணைப்பாக வருவதுதான் உண்மையான பதில். துணைக் கேள்விகளும் அவற்றுக்கான பதிலும் அந்தக் கோப்பில் இருக்காது, அவையும் விவாதப் பதிவில்தான்.

அப்புறம் பதிலின் வாசகத்தை நிதானமாகப் படியுங்கள். புது நிறுத்தம் கேட்டால் ரயில்வே வழக்கமாகச் சொல்வது: 'நிறுத்தம் வழங்குவது தொடர்ந்து நடக்கும் பணி, இயக்க வசதியையும் பயணிகள் தேவையையும் பொறுத்தது.' இதில் உறுதி எதுவும் இல்லை. இதையே வெற்றி என்று போஸ்டர் அடித்து ஒட்டுவதைப் பார்க்கும்போது எனக்கு வருத்தமாக இருக்கிறது. ஆனால் 'பரிசீலனையில் உள்ளது', 'தகவல் திரட்டி அவையில் வைக்கப்படும்' என்பது போல வந்தால் விஷயமே வேறு. அது அரசு தந்த உறுதிமொழியாகக் கணக்கில் வரலாம். வந்தால் மூன்று மாதத்துக்குள் நிறைவேற்ற வேண்டும், முடியாவிட்டால் அவகாசம் கேட்க வேண்டும். மக்களவையில் 15 உறுப்பினர்கள் கொண்ட உறுதிமொழிக் குழு இதைக் கண்காணிக்கிறது. எம்பி அலுவலகத்துக்கு மனு கொடுக்கும்போது கேள்வி எண்ணும் தேதியும் போட்டு, 'இந்த உறுதிமொழி என்ன ஆயிற்று?' என்று கேளுங்கள். மொட்டையாக 'ரயில் வேண்டும்' என்று எழுதுவதைவிட இதற்குப் பலம் அதிகம்.

தாமிரபரணியில் சாக்கடை கலப்பது பற்றிய கேள்விகளுக்கு, தண்ணீர் மாநிலப் பட்டியலில், அதாவது மாநில அரசின் அதிகாரத்தில், இருப்பதாகப் பதில் வரக்கூடும். அது தட்டிக்கழிப்பு மட்டுமல்ல, அரசமைப்புச் சட்டப்படி அப்படித்தான். அதே மனுவை எம்எல்ஏவுக்கும் கொடுங்கள்.

பின்சேர்க்கை: ஆலங்குளத்திலிருந்து எழுதிய ஒருவர் தென்காசி எம்பி பெயரைப் போட்டுத் தேடி ஏமாந்திருக்கிறார். 2019-ல் தென்காசி தனி மாவட்டமானபோது ஆலங்குளம் அங்கே போனது, ஆனால் மக்களவைத் தொகுதி மாறவில்லை. இன்னும் திருநெல்வேலி தொகுதிதான். மாறாக, சங்கரன்கோவில், கடையநல்லூர்க்காரர்கள் தென்காசி எம்பியைத்தான் தேட வேண்டும். இன்னொன்றும் கேட்டிருந்தார்கள்: எம்பி அமைச்சராகிவிட்டால் அவர் பெயரில் கேள்விகள் இருக்குமா? இருக்காது. அமைச்சர்கள் பதில் சொல்பவர்கள், கேள்வி கேட்பதில்லை.