ஸ்கார்ஃப் கட்டிய கார்ச்சோம்புக்கு ஜாலி வேண்டாம்

போக்கிமோன் விளையாட்டில் கார்ச்சோம்ப் என்ற போக்கிமோனுக்குச் சாய்ஸ் ஸ்கார்ஃப் என்ற பொருளைக் கொடுத்தால், இயல்பை வேகம் கூட்டும் ஜாலியாக வைக்காமல் தாக்குதல் கூட்டும் அடமன்டாக வையுங்கள். ஸ்கார்ஃப் வேகத்தை ஒன்றரை மடங்காக்கும். லெவல் 50-இல், தாக்குதலுக்கும் வேகத்துக்கும் 252 இவி (பயிற்சிப் புள்ளி) போட்ட அடமன்ட் கார்ச்சோம்பின் வேகம் 154; ஸ்கார்ஃப் கட்டினால் 231. ஸ்கார்ஃப் இல்லாத டிராகபல்ட் என்ற வேகமான போக்கிமோன் முழு வேகத்தில் வந்தாலும் 213தான். தாக்குதலோ 182-இலிருந்து 200 ஆகிறது, இந்த 18 சும்மா கிடைப்பது.

அப்புறம், ஸ்கார்ஃப் முதலில் அடித்த மூவிலேயே பூட்டிவிடும். அதனால் அடியைத் தடுக்கும் புரோடெக்ட், தாக்குதலை ஏற்றும் சுவோர்ட்ஸ் டான்ஸ் இரண்டையும் எடுத்துவிட்டு நான்கும் அடிக்கும் மூவாகவே போடுங்கள். சுங்கை சிப்புட் ஒட்டுக்கடையில் மைலோ ஐஸை வைத்துக்கொண்டு இருவருக்கு இருவர் ஆடும் எங்கள் தோட்டத்துத் தம்பிகளுக்கு இன்னொன்று: எர்த்குவேக் என்ற மூவ் பக்கத்தில் நிற்கும் கூட்டாளியையும் அடிக்கும். ஒன்றுக்கு மேற்பட்டவர்மேல் விழும்போது அதன் 100 பலம் முக்கால்வாசியாகிவிடும், அதாவது 75. ஸ்டாம்பிங் டேன்ட்ரமின் பலமும் அதே 75, கூட்டாளிக்கு அடி இல்லை. எனக்கு அதுதான் பிடிக்கும்.

எதிரணியிலும் ஸ்கார்ஃப் இருக்கும் என்று தெரிந்தால் இது சரிவராது. ஜாலி இயல்போடு ஸ்கார்ஃப் கட்டிய தேரியன் வடிவ லேண்டோரஸ் என்ற போக்கிமோனின் வேகம் 235. நான்கே புள்ளியில் உங்களை முந்திவிடும். அங்கே ஜாலியே சரி, 253 கிடைக்கும். மெதுவானவை முதலில் அடிக்கும்படி மாற்றும் டிரிக் ரூம் போடும் அணி என்றால் ஸ்கார்ஃபையே கழற்றிவிடுங்கள்.